சிங்காரவேலர் சொற்பொழிவுகள்

சிங்காரவேலர் சொற்பொழிவுகள் என்பன தொழிற்சங்கத் தலைவரும் தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையாளராகக் கருதப்படுபவருமான ம. சிங்காரவேலர் (1860 - 1946) ஆற்றிய உரைகள் ஆகும். மீனவர் குடும்பத்தில் பிறந்த இவர் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921ஆம் ஆண்டு அத்தொழிலைக் கைவிட்டார்.

பின்னணி

வடசென்னையில் துறைமுகம், தொடர்வண்டிப் பணிமனைகள், நெசவாலைகள் ஆகியவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இத்தகைய உழைப்பாளரே சிங்காரவேலரின் பேச்சுகளை முதலில் கேட்டவர்கள் ஆவர்.

முக்கிய உரைகள்

* கயா காங்கிரசு (1922): தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்து, அவையோரைத் தோழர்களே என விளித்தார்.
* மே நாள் (1923): உயர் நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடைபெற்றன. இந்தியாவின் முதல் மே நாள் கொண்டாட்டம் இதுவே எனக் கருதப்படுகிறது.
* கான்பூர் மாநாடு (1925): முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார்.

தீண்டாமை குறித்த கருத்து

கான்பூர் உரையில் தீண்டாமையை அவர் அடிப்படையில் பொருளாதாரச் சிக்கலாகவே கண்டார். பிறரைச் சார்ந்து வாழும் நிலை நீங்கினால் சமூக இழிவும் நீங்கும் என்பது அவர் வாதம். சாதியை ஒழிக்காமல் உழைப்பாளர் ஒற்றுமை கைகூடாது என்ற அம்பேத்கரின் நிலைப்பாட்டிலிருந்து இது வேறுபடுகிறது. எனினும் 1930களில் பெரியாருடன் சுயமரியாதை இயக்கத்தில் பணியாற்றியபோது, சமயம், மூடநம்பிக்கை, சாதி ஆகியவற்றைக் கண்டித்து குடிஅரசு இதழில் அவர் விரிவாக எழுதினார். எனவே 1925ஆம் ஆண்டு உரையை மட்டும் படிப்பவர் அவர் கருத்தின் ஒரு பகுதியையே அறிவார்.

தொகுப்புகளும் வாசிப்பும்

கே. முருகேசன், சி. எஸ். சுப்பிரமணியம் ஆகியோர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1975இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பா. வீரமணி, முத்து. குணசேகரன் ஆகியோர் அவருடைய எழுத்துகளையும் உரைகளையும் சிங்காரவேலர் சிந்தனைக் களஞ்சியம் என்னும் பெயரில் தொகுத்தனர்.

இவற்றைப் படிக்கும்போது மூன்று செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, மொழி. அனைத்திந்திய மேடைகளில் அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் கிடைப்பது மொழிபெயர்ப்பு. இரண்டாவது, மூலம். எழுதிப் படித்த தலைமையுரை முழுமையாகக் கிடைக்கலாம். கடற்கரைக் கூட்டப் பேச்சு பெரும்பாலும் செய்தியாளர் தந்த சுருக்கமே ஆதலால், அதன் சொற்கள் அனைத்தும் பேசியவருடையவை எனக் கொள்ள இயலாது. மூன்றாவது, காலம். 1928ஆம் ஆண்டு தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி அவர் சிறைத்தண்டனை பெற்று 1930இல் விடுதலையானார். ஓர் உரை இதற்கு முந்தியதா, பிந்தியதா என அறிந்தால் அதன் நோக்கம் தெளிவாகும்.

நினைவு

துறைமுகத்தை ஒட்டிய இராசாசி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை எனப் பெயர் பெற்றுள்ளது.