கடை மீன் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு?

வணிக அன்பர்கள் பலர் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள். கோட்டாறில் என் கடையிலும் ஒன்று உண்டு. காலையில் கடை திறந்ததும் தொட்டி விளக்கைப் போட்டால், இரவு அடைக்கும்போதுதான் அணைப்பேன். 14 மணி நேரம். செடி நன்றாகத் தழைக்கும் என்ற எண்ணம். ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சையாகி, கண்ணாடியெல்லாம் பாசி. ஒருநாள் விடிகாலையில் நான்கு தங்கமீன்கள் செத்து மிதந்தன.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. வெளிச்சத்தில் செடி பிராணவாயுவை வெளியிடும். பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்கு அடியில் வைத்துக் குமிழி காட்டுவார்களே, அதுதான். இருட்டிலோ செடியும் பாசியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். பாசி பெருத்த தொட்டியில் விடியும் நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டும். மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் பாசிக்கு உரம். சரக்கு வாங்கும் பையன் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தீனி போடவிட்டது என் தவறு.

இப்போது பகல் 1 மணிக்குப் போட்டு இரவு 9 மணிக்கு அணைக்கிறேன். வாடிக்கையாளர் கூடும் நேரமும் அதுவே. மறதி உள்ளவர்கள் டைமர் மாட்டலாம். மேற்குப் பார்த்த கடையானால் மாலை வெயில் தொட்டியில் விழாமல் திரை போடுங்கள்; அந்த வெயிலும் கணக்கில் சேரும்.

வெளிச்சம் குறைந்தாலும் செடி சொல்லிவிடும்: தண்டு மெலிந்து நீளும், கீழ் இலை மஞ்சளாகி உதிரும். அப்போது வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டுங்கள். எல்.இ.டி. வாங்கும்போது பெட்டியில் 6500 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள். பகல் வெளிச்சத்துக்கு அதுதான் நெருக்கம்.