“இது சரியில்லை” என்று வாய் திறக்க முடிகிறதா?

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக் கொள்கிறவர் யாராவது இருக்கிறார்களா? அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

ஒரு காலத்தில் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். மனித இன்சுலினையே பாக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்ய முடியும் என்று 1978-ல் செய்து காட்டியவர்கள், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருந்த ஜெனென்டெக் என்ற குட்டிக் கம்பெனியின் விஞ்ஞானிகளும், சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி மையத்தாரும். 1982-ல் அந்த இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இப்படி உயிரணுக்களை வைத்து மருந்தும் பரிசோதனையும் உருவாக்குகிற நிறுவனங்களைத்தான் பயோடெக் கம்பெனி என்கிறோம்.

“சித்த வைத்தியருக்குக் கம்பெனி விவகாரம் எதற்கு?” என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. வேகமாக வளர்கிற இப்படிப்பட்ட கம்பெனியில், உள்ளே வேலை செய்கிறவர் வாய் திறக்க முடியாமல் போனால் பாதிப்பு இரண்டு பேருக்கு. ஒன்று, அவருடைய உடம்புக்கு. இன்னொன்று, அந்த மருந்தையும் பரிசோதனையையும் நம்பி வருகிற நமக்கு!

வெள்ளிக்கிழமை சாயந்திரம்

1976-ல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டாளரும், ஹெர்பர்ட் போயர் என்ற பேராசிரியரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஆரம்பித்ததுதான் ஜெனென்டெக். 1980 அக்டோபரில் பங்கு வெளியிட்டார்கள். 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலர்! இத்தனைக்கும் அவர்களுடைய மருந்து ஒன்றுகூட அப்போது கடைக்கு வரவில்லை.

வேலை லேசானது இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள். “குளோன் செய், இல்லாவிட்டால் செத்துப்போ” என்ற வாசகம் போட்ட பனியனோடு திரிந்த விஞ்ஞானிகூட உண்டு. ஆனால் இரண்டு நல்ல வழக்கங்கள் இருந்தன.

முதலாவது, விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியைப் பத்திரிகைகளில் வெளியிடலாம். வெளியே இருக்கிற நிபுணர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். பொய் ரொம்ப நாள் நிற்காது.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள். அதற்கு ‘ஹோ-ஹோ’ என்று பெயர். பீர் விருந்துதான். பீரை விடுங்கள், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்! முதலாளியும் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினார்களே, அதுதான் விஷயம்.

அதற்காக அவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வளர்ச்சி ஹார்மோன் மருந்தை அனுமதி இல்லாத உபயோகங்களுக்கும் விளம்பரப்படுத்தியதாக 1999-ல் அதே கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் கட்டியது. பணம் பெருகப் பெருக, கண்காணிப்பும் கூட வேண்டியிருக்கிறது.

எட்டு மணிக்கு மேல் சாப்பாடு

இப்போது இன்னொரு கம்பெனியைப் பாருங்கள். அதே கலிபோர்னியாவில் 2003-ல் எலிசபெத் ஹோம்ஸ் என்ற 19 வயதுப் பெண் ஆரம்பித்தது தெரனாஸ். விரல் நுனியில் ஓரிரு சொட்டு ரத்தம் போதும், ஏகப்பட்ட பரிசோதனைகள் செய்யலாம் என்றார்கள். 2014-ல் அதன் மதிப்பு 900 கோடி டாலர்!

உள்ளே நிலைமை என்ன? பத்திரிகையாளர் ஜான் கேரிரூ விசாரித்து 2018-ல் புத்தகமாக எழுதினார். ஒரு பிரிவில் நடப்பது அடுத்த பிரிவுக்குத் தெரியக் கூடாது. ஊழியர்களின் ஈ-மெயிலைக் கண்காணித்தார்கள். இரவுச் சாப்பாடு ஆபீசுக்கே வரும்... ஆனால் எட்டு மணிக்கு மேல்தான். சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி பத்து. உபசாரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஆளைப் பிடித்து வைக்கிற வழி.

எந்த லேபிலும் ஒரு விதி உண்டு. அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். விடை சரியாக வந்தால்தான் நோயாளியின் ரத்தத்தைத் தொடலாம். கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்த எரிகா சியுங் என்ற பெண், அந்தச் சோதனை திரும்பத் திரும்பத் தவறுவதைப் பார்த்தார். ஒத்துவராத எண்களை நீக்கிவிட்டு மேலே போனார்கள். மேலிடத்தில் சொன்னார், பலனில்லை. 2014-ல் வேலையை விட்டார். அடுத்த வருஷம் அரசாங்கத்துக்கு எழுதினார்.

அந்த ரிசல்ட்டை நம்பியவர்கள் கதி? கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைகிறது என்று அர்த்தம் வரும்படி ரிப்போர்ட் வந்தது. கரு நன்றாகத்தான் இருந்தது, பிறகு குழந்தையும் பிறந்தது. அதைக் கோர்ட்டில் அவரே சொன்னார். நடுவில் அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்!

2015 அக்டோபரில் பத்திரிகையில் விஷயம் வெளிவந்தது. 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. 2022-ல் ஹோம்ஸுக்கு 11 வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் ‘பதினான்கு வேகங்கள்’ என்று உண்டு. பசி, தாகம், தூக்கம், தும்மல், சிறுநீர், மலம், கண்ணீர் என்று உடம்பு தானாக வெளிக்காட்டும் உணர்ச்சிகள். இவற்றை அடக்கக் கூடாது. தூக்கத்தை அடக்கினால் தலைக்கனமும் கண் சிவப்பும் வரும். கண்ணீரை அடக்கினால் பீனிசமும் கண் நோயும் வரும் என்கிறது நூல்.

நேரம் காலம் இல்லாத ஆபீசில் முதலில் அடக்கப்படுவது பசியும் தூக்கமும்தான். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு வகை இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் தெரிவித்தன.

பதினைந்தாவதாக ஒன்றை நான் சேர்த்துக் கொள்வேன்: சொல்ல வேண்டிய உண்மை! தப்பு என்று மனசுக்குத் தெரிந்ததைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறவருக்குத் தூக்கம் எப்படி வரும்? வயிறு எரியாமல் எப்படி இருக்கும்? அமுக்கரா சூரணம் கேட்டு வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான்: மருந்து தரலாம் தம்பி, ஆனால் காரணம் ஆபீசில் இருந்தால் சூரணம் மட்டும் என்ன செய்யும்?

வீட்டில் இருப்பவர்களுக்கு

நம் ஊர்க் கல்லூரிகளிலும் எத்தனையோ பிள்ளைகள் பயோடெக்னாலஜி படிக்கிறார்கள். நாளைக்கு உங்கள் மகளே லேபிலிருந்து வந்து, “அப்பா, எங்க ஆபீஸ்ல ரிசல்ட்டை மாத்துறாங்கப்பா” என்று சொன்னால்? “நமக்கெதுக்கும்மா வம்பு, பேசாம இரு” என்று சொல்லிவிடுவோமா?

தெரனாஸில் வேலை பார்த்த டைலர் ஷுல்ட்ஸ் என்ற இளைஞரின் தாத்தா, அமெரிக்க முன்னாள் வெளியுறவு மந்திரி. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலேயே இருந்தார். பேரன் சொன்னதை அவர் அப்போது நம்பவில்லை. பெற்றோர் கைவிடவில்லை, வக்கீல் செலவே 4 லட்சம் டாலரைத் தாண்டியது. நமக்கு அவ்வளவு தேவைப்படாது. காது கொடுத்துக் கேட்டால் போதும், பாதி பாரம் இறங்கும்.

புது வேலையில் சேர்ந்த பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

1. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?

2. தப்பு நடந்தால் மேலதிகாரியிடம் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா?

3. சொன்னவரை என்ன செய்தார்கள்?

4. கவனித்ததைத் தேதியோடு உனக்காகக் குறித்து வைக்கிறாயா?

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கஷாயம் வைத்துக் கொண்டிருக்காதீர்கள்.

வேலை போனால் இன்னொன்று தேடிக் கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்கு ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.