கிரீஸ்தானே என்றால்...

பார்த்தால் வெறும் ரப்பர் பட்டை. ஆனால் டிராக் லோடரில் அதைக் கழற்றுவது டயர் மாற்றுகிற வேலை அல்ல. வண்டியைத் தூக்கி, வலுவான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, என்ஜினை அணைத்தாக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது.

பெரும்பாலான வண்டிகளில் பட்டையை விறைப்பாக வைத்திருப்பது சிலிண்டரில் அடைபட்ட கிரீஸ். வால்வுக்கு நேரே நிற்காமல், அதை மெல்லத் தளர்த்துவதே முறை. அவசரப்பட்டு முழுதாகக் கழற்றினால், சீறும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனடி அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலே போகலாம்.

பிறகு ஐட்லர் சக்கரத்திலிருந்து பட்டையை நெம்பி எடுக்கலாம். மாட்டும்போது முதலில் பல்சக்கரம், அப்புறம் ஐட்லர். வால்வை மூடி, கிரீஸ் கன்னால் விறைப்பேற்ற வேண்டும். தொய்ந்தால் பட்டை கழலும்; இறுகினால் தேயும். சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பார்ப்பது நல்லது.