வலைக்கும் ஒரு வரம்பு

கேரளக் கடலில் மத்தி மறைந்தது. பிறகு திரும்பி வந்தது. ஒரு மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் அது வாழும் கடலையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் அது சொல்லித் தந்த பாடம்.

2024 ஜூலை. கேரளச் சந்தைகளில் மத்தியின் விலை கிலோ 350 முதல் 400 ரூபாய். ஏழை வீட்டுக் குழம்பு மீனுக்கு வசதி படைத்தவர்களின் மீனுக்குரிய விலை. அடுத்த சில மாதங்களில் நிலைமை தலைகீழாக மாறியது. கரையோரம் மத்தி குவிந்தது. சில இறங்குதளங்களில் கிலோ 20, 30 ரூபாய்க்குக் கேட்கவும் ஆள் இல்லை. வலையில் வந்தவை எண்ணெய் வழியும் கொழுத்த மத்திகள் அல்ல. வளர்ச்சி நின்றுபோன, சதைப்பற்றில்லாத சிறு மீன்கள்.

மத்தி வந்ததே பெரிய விஷயம் என்று நினைத்தவர்களும் உண்டு. காரணம் இருந்தது. 2012இல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி ஏறக்குறைய 4 லட்சம் டன். மாநிலத்தின் மொத்தக் கடல்மீனில் கிட்டத்தட்ட பாதி. 2021இல் கிடைத்ததோ 3,297 டன்தான். 1994க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. பின்னர் மீண்டும் ஏறி, 2024இல் ஒன்றரை லட்சம் டன்னை நெருங்கியது.

மலையாளிகள் மத்தியைக் 'குடும்பம் புலர்த்தி' என்பார்கள். குடும்பத்தைக் காப்பாற்றும் மீன் என்று பொருள். 590 கிலோமீட்டர் நீளமுள்ள கேரளக் கடற்கரையில் பிடிப்பவர், சுமப்பவர், கூடையில் வைத்து விற்பவர், வாங்கிச் சமைப்பவர் எல்லோருக்கும் இது படியளக்கும் மீன். அதனால்தான் மத்தி இல்லாத ஆண்டு அங்கே பஞ்ச ஆண்டாகவே பேசப்படுகிறது.

மழை எழுதும் கணக்கு

மத்தியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் வீசும் காற்றும் கடல் நீரோட்டமும் கரையோர மேல்நீரை விலக்கிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. வெயில் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. இந்தப் பாசிகளும் நுண்ணுயிர்களும்தான் மத்தியின் தீனி. மத்தி முட்டையிடுவதும் பெரும்பாலும் இதே மழைக்காலத்தில்தான். மத்தியைத் தின்று வஞ்சிரமும் சூரையும் ஓங்கிலும் கடற்பறவைகளும் வாழ்கின்றன.

மத்தியின் ஆயுள் இரண்டரை, மூன்று ஆண்டுகள். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த ஆண்டே வலையில் தெரிந்துவிடும். 2015இல் பசிபிக் பெருங்கடலில் தொடங்கிய கடுமையான எல் நினோ இந்தியப் பெருங்கடலையும் சூடாக்கியது. அந்த ஆண்டுகளில் மத்தி சரிந்ததற்குக் கடல் சூடேறியதும் ஒரு காரணம் என்று கொச்சியிலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கருதுகிறது. 1947இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது.

2024இன் விசித்திரத்துக்கும் இந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கடலிலேயே விடை தேடினார்கள். நல்ல மழை பெய்து தீனி பெருகியதால் குஞ்சுகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிழைத்தன. கூட்டம் பெருத்ததும் தீனிக்குப் போட்டி வந்தது. எல்லாம் பிழைத்தன, எதுவும் வளரவில்லை. ஆக, கடலில் மத்தி குறைந்தாலும் கூடினாலும் வலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

பழைய வழக்கு

ஆனால் வலை நிரபராதியும் அல்ல. இந்த வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மலபார், சென்னை மாகாணத்தில் இருந்தபோது மத்தி வரத்து படுத்தது. 1943இல் மாகாண அரசு சிறு மீன்களையும் சினை மீன்களையும் வாரிக்கொண்டு போகும் வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அவற்றில் ஒன்றின் பெயரே 'மத்திகொல்லி வலை'. நீண்ட கடற்கரையில் அந்த உத்தரவை அமல்படுத்த முடியாமல் சில ஆண்டுகளில் அரசு கைவிட்டது.

1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு வழி திறந்தது. இறால் ஏற்றுமதியில் டாலர் கொட்ட ஆரம்பித்ததும் இழுவலைப் படகுகள் பெருகின. கடலடியை வழித்துக்கொண்டு போகும் வலை இறாலோடு வேண்டாத குஞ்சுகளையும் சேர்த்து அள்ளியது. கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். பட்டினிப் போராட்டங்கள், கடலில் மோதல்கள், கமிட்டிக்கு மேல் கமிட்டி. கடைசியில் 1988இல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. இன்று அது 52 நாள் தடை. கரைக்கடலில் சுருக்குமடி, ரிங் வலை போன்றவற்றுக்குக் கேரளம் விதித்திருந்த தடையை 1993இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் ஓட்டை அடைபடவில்லை. மழைக்காலத் தடை இழுவலைப் படகுகளுக்கு மட்டுமே. பாரம்பரிய மீனவர்களுக்கு அந்த மாதங்களிலும் கடலுக்குப் போகும் உரிமை உண்டு. மேல்மட்ட மீன்களைப் பிடிக்கும் அந்த உரிமைக்கு 2007இல் கேரளம் தனிச்சட்டமே போட்டது. இதற்கிடையில் பாரம்பரியத்தின் உருவம் மாறிப்போனது. 1980களில் பரவிய ரிங் வலை, தமிழகக் கரையில் சண்டைக்குப் பெயர் போன சுருக்குமடியின் உறவு. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும். ஒரு காலத்தில் துடுப்புப் போட்ட வள்ளத்துக்கு இப்போது பெரிய எஞ்சின், டஜன் கணக்கில் ஆட்கள். மத்தி முட்டையிடும் மாதங்களில் இழுவலைக்குப் பூட்டு. மத்தியைப் பிடிக்கும் வலைக்குத் திறந்த கதவு.

அங்குலக் கணக்கு

2015இல் கேரளம் இன்னொரு வழியைப் பிடித்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. அதைவிடச் சிறிய மீனைப் பிடிப்பது குற்றம். நாட்டில் இப்படிச் செய்த முதல் மாநிலம் கேரளம்தான். 2017இல் பட்டியல் 58 வகைகளாக நீண்டது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. குஞ்சு மீனோடு வரும் படகைக் கடல் அமலாக்கப் பிரிவு பிடித்தால் அபராதம். மீன் மீண்டும் கடலுக்கே போகிறது. கேரளத்தில் கிளிமீன் என்று அழைக்கப்படும் மீனின் வரத்து இந்த விதிக்குப் பிறகு கூடியது, விதியால் பலன் உண்டு என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்படுகிறது.

ஆனால் 10 சென்டிமீட்டர் மத்தி குஞ்சு பொரித்துப் பெருகும் மத்தி அல்ல. மத்தி பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் அளவை எட்டும்போதுதான் சினை பிடிக்கிறது. அந்த நீளத்துக்கு முன் ஒரு மீனையும் தொடக்கூடாது என்றால் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. சட்டத்தில் உள்ள எண் மீனின் தேவைக்கும் மனிதனின் தேவைக்கும் இடையே செய்துகொண்ட சமரசம்.

இந்த இடத்தில்தான் உலக மீன்வளத் துறை சில பத்தாண்டுகளாகப் பேசிவரும் 'சூழலமைப்பு அணுகுமுறை' முக்கியமாகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1995இல் பொறுப்பான மீன்பிடிப்புக்கான நடத்தை நெறிகளையும், 2003இல் இந்த அணுகுமுறைக்கான வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. சாரம் எளிமையானது. எத்தனை டன் மத்தி பிடிக்கலாம் என்று மட்டும் கேட்காதே. மத்தி எதைத் தின்கிறது, மத்தியை எது தின்கிறது, கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது, வலையில் வேறு என்ன சிக்குகிறது, இந்த மீனை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேள்.

மத்தி விஷயத்தில் அதன் பொருள்: கடல் சூடேறும் ஆண்டில் வரத்து குறைவதை மீனவர் தடுக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அள்ளிவிட்டால், நல்ல மழை வந்தாலும் முட்டையிடத் தாய் மீன் இருக்காது. காற்றும் மழையும் மனிதன் கையில் இல்லை. வலை மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது.

மீனுக்கு எல்லை இல்லை

சட்டத்துக்கோ எல்லை உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மாநில அரசின் அதிகாரம். அதற்கப்பால் 200 கடல் மைல்வரை மத்திய அரசு. கொல்லத்தில் குற்றமாகும் குஞ்சு மீன் எல்லை தாண்டினால் சரக்காகிவிடலாம். மீன்தூள், மீன் எண்ணெய் ஆலைகளுக்கு மீனின் நீளம் முக்கியமல்ல, எடைதான் முக்கியம். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிக்கவும் ஆள் இருக்கும்.

மாற்றங்கள் வராமல் இல்லை. விளக்கு வெளிச்சம் காட்டி மீன்பிடிப்பதையும் இரட்டைமடியையும் 12 கடல் மைலுக்கு அப்பால் மத்திய அரசு 2017இல் தடை செய்தது. குறைந்தபட்ச அளவு விதியைக் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் பின்பற்றின. 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த ஆழ்கடல் மீன்பிடி விதிகளிலும் இளம் மீன்களைக் காக்கும் ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது.

மிஞ்சியிருப்பது மிகக் கடினமான கேள்வி: காத்திருப்பதற்கு யார் கூலி கொடுப்பது? ஒரு வள்ளத்தைக் கடலில் இறக்க டீசல் வேண்டும். வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்பதில்லை. எதிரே குஞ்சு மத்திக் கூட்டம் மின்னும்போது, 'நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்' என்ற எண்ணம் வருவது பேராசையால் மட்டுமல்ல, பயத்தாலும்தான். தடைக்கால நிவாரணம் அந்தப் பயத்தை முழுக்கத் தீர்ப்பதில்லை. எல்லோரும் ஒரே நாளில் வலையை மடக்கினால்தான் ஒருவன் நம்பி மடக்குவான். கிராம, மாவட்ட, மாநில அளவில் மீனவர்களும் இடம்பெறும் மேலாண்மைக் குழுக்களுக்குக் கேரளச் சட்டம் இடம் தந்திருப்பது இதற்காகத்தான். 1943இன் உத்தரவு மேலிருந்து வந்து காற்றில் போனது. கரையில் இருப்பவன் தன் விதியாக ஏற்காத எந்த விதியும் அப்படித்தான் போகும்.

இனியும் சில ஆண்டுகள் மழை ஏமாற்றும். சில ஆண்டுகள் அள்ளிக் கொடுக்கும். குடும்பம் காப்பாற்றும் மீன் என்று பெயர் வாங்கிய மத்தியைக் கெட்ட ஆண்டுகளில் காப்பாற்றி வைப்பது இப்போது குடும்பங்களின் முறை.