பொட்டலத்தின் மேல் எழுதி வாங்குங்கள்

குழந்தைக்கு வேண்டிய எல்லா மருந்தும் டானிக்காகக் கிடைப்பதில்லை. இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்கு டாக்டர் எழுதும் ஃப்ரூசமைடு, ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை பெரும்பாலும் பெரியவர்கள் மாத்திரையாகவே கடையில் இருக்கும். அதைப் பொடித்து, குழந்தையின் எடைக்குத் தக்கபடி பொட்டலமாக மடித்துத் தருகிறார்கள். இதை யார் செய்கிறார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் வேலை பதிவுபெற்ற மருந்தாளுநருடையது என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு. மருந்துக்கடையில் கலப்பதெல்லாம் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கிறது 1945 மருந்து விதிகளின் 65-ஆம் விதி. கடைப்பையன் பிளேடால் நாலாக வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். “மருந்தாளுநர் எங்கே?” என்று கேளுங்கள். வீட்டில் அம்மிக்கல்லில் நுணுக்குவதும் வேண்டாம். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. டாக்டர் சொன்னதைக் கேட்ட தாய் விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவார். மருந்து ஊட்டுவது ஆயாவோ பக்கத்து வீட்டு அக்காவோதான். எழுத்தில்லாத பொட்டலம் அவர்கள் கையில் என்ன சொல்லும்? குழந்தையின் பெயர், மருந்தின் பெயர், ஒரு பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு, எந்தத் தேதி வரை என்பதை ஆயாவுக்குத் தெரிந்த மொழியில், தமிழோ உருதோ, எழுதி வாங்குங்கள்.

பாராசிட்டமாலையே பாருங்கள். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. வரை கொடுக்கலாம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், ஒன்றரை மி.லி. போதும். பாட்டில் மாறி 6 மி.லி. சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். தொடர்ந்தால் ஈரல் கெடும். பாலாடையிலும் டீ ஸ்பூனிலும் அளக்காமல், மி.லி. கோடு போட்ட மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளப்பதே பாதுகாப்பு.

கரைக்கும் திரவமும் நஞ்சாகலாம். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில், 2025 அக்டோபரில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம்தான். அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். உரிமம் பெற்ற ஆலையிலேயே இப்படி என்றால், யார் கலந்தது என்றே தெரியாத பாட்டிலை எப்படி நம்புவது? 2 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இருமல், சளி மருந்தே தரக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அதே மாதம் சொன்னது.

மருந்து குடித்த குழந்தை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்ச மருந்தைக் கொட்டாமல் சீட்டு, பில்லோடு கையில் கொண்டுபோங்கள். பக்கவிளைவைப் பெற்றோரே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறும் உரிமையை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொதுமக்களுக்குத் தந்திருக்கிறது. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பில் வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலமானாலும் பில் கேட்டு வாங்குங்கள்.