துப்பாக்கியும் ஓராண்டு நம்பிக்கையும்

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அணித்தே உள்ள சிற்றூர் வஹகோட்டை. புனித அந்தோனியார் திருத்தலத்தால் புகழ் பெற்றது. கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயப் போர்வீரரின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. படைக்கலம் ஏந்தி வந்தோரின் மரபு ஏர் பிடித்து வாழத் தலைப்பட்டது விந்தையே! ஆயினும் உழவனுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு அறவே அற்றுவிடவில்லை. ஆறு மாத உழைப்பைக் காட்டுப்பன்றி ஓரிரவில் கிளறி அழித்துவிடும் அப்பகுதிகளில், பயிர்க்காவலுக்கு அதனை நாடுவோர் இன்றும் உளர்.

உயிர் பறிக்கும் கருவியை ஒருவன் கையில் ஒப்படைக்கும் அரசு, அவனை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை ஆராய வேண்டும்?

இலங்கையில் இதற்கு அடிப்படை, துப்பாக்கிகள் பற்றிய 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். பயிர்க்காவலுக்கான அனுமதிப்பத்திரத்தை மாவட்டச் செயலாளரும், தற்காப்புக்கானதைப் பாதுகாப்பு அமைச்சும் வழங்குவது வழக்கம். எதுவாயினும் டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆயுள் முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். ஆக, இந்நாட்டின் நம்பிக்கைக்கு ஓராண்டே தவணை. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கச் செய்து, அவற்றின் தேவையை மறுபரிசீலனை செய்யவும் அமைச்சு முற்பட்டது.

பிற நாடுகளை நோக்குவோம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மூன்றாண்டு உரிமம் தந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் அதனை ஐந்தாக உயர்த்தியது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம், உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும் வேளையில் வாங்குவோனை ஆராயச் சொல்கிறது. வாங்கியபின் அவனை மீண்டும் ஆராயுமாறு அச்சட்டம் பணிக்கவில்லை. கனடாவிலோ உரிமம் ஐந்தாண்டுக்கு உரியது. ஆனால் உரிமம் பெற்றோரின் பெயர்கள் பொலிஸ் பதிவேடுகளோடு நாள்தோறும் ஒப்புநோக்கப்படுகின்றன.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. பத்திரத்தைப் புதுப்பித்தல் வேறு. மனிதனை அறிதல் வேறு. கட்டணமும் முத்திரையும் பத்திரத்துக்கு ஓராண்டு ஆயுள் தரலாம். ஆனால் குடியும் பகையும் மனநோயும் டிசம்பர் வரை காத்திருக்குமா? சனவரியில் நல்லவனாயிருந்தவன் மார்ச்சில் மனைவியை அச்சுறுத்தினால், அடுத்த புதுப்பிப்பு அவளைக் காக்குமா?

அதற்காக உழவனை அடிக்கடி கச்சேரிக்கு அலைக்கழிப்பதும் தீர்வாகாது. ஒருநாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழப்பவன் அவனே. நேர்வழி கடினமானால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத நாட்டுத் துப்பாக்கி அவன் குடிசைக்குள் புகும். அதனை ஆராய்வார் எவருமிலர்.

'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் இதற்கு வழி காட்டுகிறார். பணியை ஒப்படைத்த பின்னும், அதனைச் செய்வோன் நெறி கோணாதிருக்கின்றானா என நாள்தோறும் ஆராய்வதை அவர் மன்னன்மீதே சுமத்தினார். வினைசெய்வானை நாள்தோறும் அரண்மனை வாயிலில் வந்து நிற்கச் சொன்னாரல்லர்.

கிராம உத்தியோகத்தரும் பொலிஸாரும் தாம் அறிந்ததை உடனுக்குடன் அனுமதி வழங்கும் அதிகாரிக்கு அறிவிப்பார்களாயின், உழவனின் பயிரும் காக்கப்படும். அவன் இல்லத்தாரின் உயிரும் காக்கப்படும். ஆராயும் கடமை அரசினுடையது. அலையும் துன்பம் குடிமகனுடையதாதல் ஆகாது.