நாள் தப்பினால் குற்றமா?

"முழுகாமல் இருக்கிறாள்" என்றொரு சொல் நம் நெல்லைச் சீமையிலே உண்டு. கருவுற்றிருக்கிறாள் என்பது அதன் பொருள். விலக்கு முடிந்து தலை முழுகும் நாள் வரவில்லை. ஆகவே வயிற்றில் கரு! அந்தச் சொல்லுக்குள் அடங்கிய கணக்கு இவ்வளவுதான். சோதனை செய்து பார்க்க வழியில்லாத காலத்தில் பாட்டிமார் போட்ட கணக்கு அது. அவர்களை நாம் குறை கூறவில்லை. அந்த ஒற்றைக் கணக்கையே இன்றும் தீர்ப்பாகக் கொண்டு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம்.

1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது சாத்தான்குளம் அதனோடு சென்றது. மாவட்டம் மாறியது, மனம் மாறியதா? மணமான பெண்ணுக்குப் பத்து நாள் தள்ளிப்போனால் மாமியார் முகத்தில் மலர்ச்சி. மணமாகாத பெண்ணுக்கு அதே பத்து நாள் தள்ளிப்போனால் வீட்டிலே இழவு! உடலில் நடந்தது ஒன்றே. ஊர் வழங்கும் தீர்ப்போ இரண்டு. இது மருத்துவமா, மனுதர்மமா?

மருத்துவம் சொல்வதைக் கேட்போம். ஒரு விலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த விலக்கின் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் வரை இருப்பது இயல்பே. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாள் முன்னும் பின்னுமாக வருவதும், விலக்கு நிற்கும் வயதை நெருங்கும்போது தடுமாறுவதும் சாதாரணம். இவை தவிர தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கருப்பைக் கட்டி, உடல் எடையில் பெரிய மாற்றம், உணவுக் குறைவு, மனக்கவலை எனக் காரணங்கள் பல. இத்தனையையும் விட்டுவிட்டு, "யாரடி அவன்?" என்று கேட்பது அறிவுடைமையா?

அதற்காக, உதிரம் கண்டுவிட்டால் கரு இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கருவுற்ற தொடக்கத்திலும் சிலருக்குச் சிறிது உதிரம் படுவதுண்டு. அதை விலக்கென்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. பின் எப்படித்தான் அறிவது? சிறுநீரின் சில சொட்டுகள் போதும். நாள் தவறிய பிறகு செய்யும் சோதனை சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும். நாட்கணக்கே ஒழுங்காக இல்லாதவர், உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சோதிப்பது நல்லது. இல்லை என்று வந்தும் விலக்கு வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். ஊர்வாய் பத்து மாதம் பேசுவதைச் சிறு பட்டை ஒன்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குலசேகரன்பட்டினத்துத் தசரா வந்தாலும், ஊரிலே கொடை வந்தாலும், "தீட்டு" பட்டுவிடக் கூடாதென்று விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கும் பெண்கள் எத்தனை பேர்! நோரெதிஸ்டரோன் என்ற அந்த மருந்து மருத்துவர் சொல்லி உண்ண வேண்டியது, மிட்டாய் அல்ல. நிறுத்திய சில நாளில் விலக்கு வரும். இடையிலே சொட்டுச் சொட்டாகவும் படலாம். பிறகு, "கரு தங்கிவிட்டதோ?" என்று நடுங்குவதும் அதே பெண்தான். இயற்கையாக வருவதைத் தீட்டென்று சொன்னவன் எவனோ. மருந்து தின்று தவிப்பவள் இவள்!

வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடக்கக் கூடாத நேரங்களும் உண்டு. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் உதிரமும் சேர்ந்து வந்தால், கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிர் போகும். அப்போது 108-ஐ அழைக்க ஒரு நொடியும் தயங்கக் கூடாது. மணிக்கொரு துணி நனைந்தாலும், எட்டு நாளுக்கு மேல் நிற்காமல் போனாலும், விலக்கு நின்று ஓராண்டு கழித்து மீண்டும் கண்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது புற்றுநோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இருக்கிற இரத்தமே போதாதவளிடம், "பொறுத்துக்கொள்" என்று சொல்ல எவருக்கு உரிமை?

வெட்கத்தின் விலை என்னவென்று நமக்குத் தெரியாதா? 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் 12 வயது மாணவி ஒருத்தி, உடையில் கறை பட்டதற்காகப் பள்ளியில் அவமானப்படுத்தப்பட்டதாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டாள். கல்விக்குப் பெயர் பெற்ற பாளையங்கோட்டையில் நடந்தது இது! கறை அந்தக் குழந்தையின் உடையிலா, நம் சமுதாயத்தின் நெஞ்சிலா?

கருத்தடையை நாட்டுப் பொருளாதாரத்துக்காகப் பலர் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் தந்தை பெரியார். சட்டம் அவர் பின்னால் மெதுவாகத்தான் நடந்து வந்தது. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2021-ல் அது திருத்தப்பட்டது. மணமாகாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டென 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை பெற்றவளின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். இது தெரியாமல், கடையில் மாத்திரை வாங்கி மறைவாக விழுங்கி, உதிரம் நிற்காமல் உயிருக்குப் போராடும் நிலை எதற்கு? பிள்ளை வேண்டும் என்பவளுக்கும் காலத்தே அறிவது நன்மையே. 12 வாரத்துக்குள் பதிந்துகொண்டால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு உதவியை முறையாகப் பெறலாம்.

நாம் கேட்பது பெரிதல்ல. பனங்காட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் உழைக்கும் பெண்ணுக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே சோதனைப் பட்டை எப்போதும் கிடைக்க வேண்டும். வட்ட மருத்துவமனையில், நாலு பேர் முன்னால், "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று உரக்கக் கேட்காமல், கதவடைத்த அறையில் பேச ஒரு பெண் மருத்துவர் வேண்டும். பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இதைப் பாடமாகச் சொல்ல வேண்டும். அரசு நம்முடையதாக இருந்தாலும் கேட்போம்; நம்முடையதாக இருந்தால் இன்னும் உரிமையோடு கேட்போம்.

தாய்மார்களே! மகளுக்கு நாள் தப்பினால் கையை ஓங்காதீர்கள்; அவள் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோழர்களே! "இது பெண்கள் சமாசாரம்" என்று திண்ணைக்கு நழுவாதீர்கள். பெண் விடுதலை மேடையில் முழங்குவதற்கு மட்டும் அல்ல. வீட்டில் நடத்திக் காட்டுவதற்கும்தான்.